சாரம் முதலிடத்துக்கு வந்த கதை

செண்பகவல்லி கணக்கை மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள். விடை மாறவில்லை. சாரம் செத்துக்கொண்டிருந்தது.

அவள் வேலை பார்த்த 'அளவை' என்ற கம்பெனி பெருங்குடியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. வங்கிப் பக்கமானாலும் ரயில் டிக்கெட் பக்கமானாலும் இணையச் செயலி எதுவும் அந்தரத்தில் நிற்காது. ஏதாவது ஒரு தளத்தின் மேல்தான் கட்டியாக வேண்டும். அப்படிப்பட்ட தளங்கள் உலகத்தில் நிறைய. அவற்றில் எது எவ்வளவு பிரபலம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணிச் சொல்வதுதான் அளவையின் தொழில். ஆரம்பத்தில் அது வெறும் விளையாட்டு. முதலாளி ரகோத்தமன் இளைஞராக இருந்தபோது வருஷக் கடைசியில் ஒரு கட்டுரை எழுதிப் போடுவார். 'எந்தத் தளம் பெருசு, வெலோராவா, ஓரினா?' என்று அதன் கீழே பையன்கள் சினிமா ரசிகர்களைப் போல அடித்துக்கொள்வார்கள். அதோடு சரி.

பிறகு நிரல் எழுதும் வேலையை 'ஏஜென்ட்' என்ற செயற்கை அறிவு மென்பொருள்கள் எடுத்துக்கொண்டன. மனிதன் 'எனக்கு இப்படி ஒன்று வேண்டும்' என்று வாயால் சொன்னால் போதும். அந்த மென்பொருள் தானே எழுதி, தானே ஓட்டிப் பார்த்துக் கையில் கொடுத்துவிடும். எந்தத் தளத்தின் மேல் கட்டுவது என்பதையும் அதுவே முடிவு செய்யும். அளவையின் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். காப்பீட்டுக் கம்பெனிகளும் அதே பட்டியலை வைத்து ஒரு விதி போட்டன. நூற்றுக்கு மூன்று பங்குக்குக் கீழே இறங்கிய தளத்தில் ஓடும் எதற்கும் காப்பீடு கிடையாது. கொஞ்சம் பேர் மட்டுமே வைத்திருக்கும் தளத்தில் ஓட்டை விழுந்தால் பார்த்துச் சொல்ல ஆளிருக்காது என்பது அவர்கள் வாதம். காப்பீடு இல்லாததை, சர்வரை வாடகைக்கு விடுகிறவர்கள் வாசலில்கூட நிறுத்த மாட்டார்கள். அந்த மூன்று பங்குக்குத் தொழிலில் 'தரைக்கோடு' என்று பெயர். அதற்குக் கீழே போன தளம் எதுவும் திரும்பி வந்ததில்லை.

கோயம்புத்தூரில் பிறந்த சாரம் என்ற தளம் இப்போது அந்தக் கோட்டை உரசிக்கொண்டிருந்தது. அடுத்த காலாண்டில் போய்விடும்.

வேறு எந்தத் தளமாக இருந்தாலும் செண்பகவல்லி அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பாள். ஆனால் அவளுடைய அண்ணன் வெயிலுமுத்துவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கோவில்பட்டியில் ஒரு அறக்கட்டளை நடத்தும் டயாலிசிஸ் மையத்தில் வாரத்துக்கு மூன்று தடவை ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டுதான் அவர் நடமாடுகிறார். தெற்கே சின்னச் சின்ன ஊர்களில் அதே மாதிரி மையங்கள் நிறைய உண்டு. எல்லாமே சாரத்தில் ஓடுபவை. யாருக்கு என்ன எடை, உடம்பிலிருந்து எவ்வளவு நீரை இழுக்க வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்வதே சாரத்தில் கட்டிய செயலிதான். அது நன்றாக ஓடிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும்.

நன்றாக ஓடுகிற ஒன்று எப்படிச் சாகும்?

சாரத்தை உருவாக்கியவர்களில் மிச்சமிருந்த மயில்சாமியை அவள் போனில் பிடித்தாள்.

“பிரச்சினை ஒண்ணும் இல்லீங்களே,” என்றார் அவர். “போன வருசத்தைக் காட்டிலும் இப்பக் கூடத்தானுங்க. ஆஸ்பத்திரி இருக்குது, பால் சொசைட்டி இருக்குது, குடிதண்ணித் திட்டம் இருக்குது. யாரும் விட்டுப் போகலீங்க.”

“அப்போ இணையத்துல இருக்குற உங்க கேள்வி மன்றத்துல ஏன் யாருமே எதுவும் கேக்கல? மாசக்கணக்கா காலியாக் கிடக்குதே?”

மயில்சாமிக்குக் கேள்வியே புரியவில்லை. “எதுக்குங்க கேக்கோணும்? அதுதான் ஓடுதல்லங்க.”

போனை வைத்த பிறகு அவள் கணக்கிடும் முறையை மறுபடி எடுத்துப் படித்தாள். அளவை எண்ணுவது கேள்விகளை. வேலை விளம்பரங்களை. புதிதாகத் தொடங்குகிறவர்களை. ஊர்ப் பேச்சை. வெலோரா மாதத்துக்கு இரண்டு தடவை எதையாவது உடைத்துக்கொள்ளும். லட்சக்கணக்கான பேர் 'ஐயோ, இது ஏன் ஓடவில்லை' என்று அலறுவார்கள். அந்த அலறல் அத்தனையும் வெலோராவின் பிரபலமாகக் கணக்கில் ஏறும். சாரம் உடைவதில்லை. அதனால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசாததால் அது சாகிறது.

இதை ரகோத்தமனிடம் கொண்டுபோனாள்.

“நாம சத்தத்தைத்தான் சார் எண்ணுறோம். ஓடுறதை எண்ணல.”

“ஓடுறதை எப்படி எண்ணுவ, செண்பகா?” ரகோத்தமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எவன் உள்ள என்ன வச்சிருக்கான்னு நமக்குத் திறந்து காட்டுவானா? வெளியில கேக்குறதைத்தான் எண்ண முடியும். ஆரம்பத்துலேர்ந்து அப்படித்தானே.”

“சத்தம் வரலைன்னா செத்துப்போச்சுன்னு அர்த்தமில்லையே சார்.”

“எனக்குத் தெரியாதா? ஆனா இப்போ முறையை மாத்தினா வெலோராக்காரன் மறுநாளே கோர்ட்டுல நிப்பான். காப்பீட்டுக்காரன் ஒப்பந்தத்தைக் கிழிச்சுடுவான். உங்க அண்ணன் சாரத்துல ஓடுற மையத்துலதான் வைத்தியம் பாத்துக்கறார்னு தெரிஞ்சா உன்னைச் சும்மா விடுவாங்களா?” அவர் குரலைத் தாழ்த்தினார். “எண்ணுறவ எண்ணைத் தொடக் கூடாது. இதை மட்டும் மனசுல வச்சுக்கோ.”

எண்ணை அவள் தொடவில்லை. லீவு போட்டுவிட்டுக் கோவில்பட்டிக்கு ரயில் ஏறினாள்.

மையத்தில் ஆறே ஆறு நாற்காலிகள். அண்ணன் ஜன்னலோரம் சாய்ந்து படுத்து, கையில் குழாய் ஓட, கண்ணை மூடியிருந்தார். பக்கத்து நாற்காலியில் தங்கமாரி. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவள். இளையரசனேந்தலிலிருந்து பஸ்ஸில் வருவாள். நாற்பது கிலோகூட இருக்க மாட்டாள். “என்னையக் கக்கத்துல இடுக்கிட்டுப் போயிரலாம்” என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் எட்வின், நாற்காலிக்கு நாற்காலி போய் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“டிரஸ்ட்ல சொல்லிட்டாங்கக்கா,” என்றான். “சாரம் போச்சுன்னா வெலோராவுக்கு மாறணுமாம். அதுக்கு நெட் ஒரு நிமிஷம் அறுந்தாலும் ஆகாது. இங்க தூறல் விழுந்தாலே நெட் போயிருது, சாரம் அதைத் தாங்கிக்கும். திருநெல்வேலியிலயும் மதுரையிலயும் மட்டும் வச்சுக்கிட்டு மத்ததெல்லாம் மூடிருவாங்க.”

“வாரத்துக்கு மூணு மட்டம் திருநெல்வேலிக்கா?” அண்ணன் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“நான் போ மாட்டேம்ப்பா,” என்றாள் தங்கமாரி. “பஸ்ஸுல சாகுறதுக்கு வீட்டுலயே செத்துருவேன்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கூடச் சிரிக்க ஆளில்லை.

செண்பகவல்லி ரயிலிலேயே யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். “எட்வின், எல்லா மையத்துலயும் உனக்கு ஆள் தெரியுமில்ல? சாரம் மன்றத்துல போய்க் கேள்வி கேக்கச் சொல்லு.”

“என்ன கேள்விக்கா?”

“எது வேணாலும். எழுத்தை எப்படிப் பெருசாக்குறது, நிறத்தை எப்படி மாத்துறது. தெரிஞ்சதையே தெரியாத மாதிரி கேளுங்க. ஒருத்தர் பதில் சொல்லுங்க. அந்தப் பதில் தப்புன்னு இன்னொருத்தர் சண்டைக்கு வரட்டும்.”

“பொய் சொல்லச் சொல்லுதீங்களா?”

“சத்தம் போடச் சொல்றேன். நீங்க உயிரோட இருக்குறது வெளியில தெரியணும்ல?”

அண்ணன் இப்போது கண்ணைத் திறந்தார். “செம்பகம், ஒன் வேலைக்கு எதுவும் வந்துராதே?”

“வராதுண்ணே. நான் எண்ணைத் தொடல.”

அந்த வாரமே ஆரம்பித்துவிட்டது. குருவிகுளத்து நர்ஸ் ஒருத்தி, திரையில் நோயாளியின் பெயரை எப்படித் தடித்த எழுத்தில் போடுவது என்று கேட்டாள். விளாத்திகுளத்திலிருந்து ஒருவர் பதில் சொன்னார். 'இதெல்லாம் ஒரு பதிலா?' என்று சங்கரன்கோவில் பாய்ந்தது. பால் சொசைட்டிக் குமாஸ்தாக்களும் குடிதண்ணீர்த் திட்டத்து மோட்டார் ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். சிலருக்குச் சண்டை பிடித்துப்போய், சாப்பாட்டு வேளையில்கூட உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தார்கள். எட்வினுக்குக் கற்பனை போதவில்லை. கையில் இருந்த வேலையைப் பார்த்து ஒன்று கேட்டு வைத்தான்: 'நாம் எடையைத் தப்பாக அடித்துவிட்டால் சாரம் தானாகவே திருத்திக்கொள்ளுமா?' நல்ல கேள்வி என்று நூறு பேர் கைதட்டினார்கள்.

“ஏனுங்க அம்மணி,” என்று மயில்சாமி பதறிப்போய்க் கூப்பிட்டார். “ஒரே வாரத்துல எல்லாருக்கும் எல்லாம் மறந்துபோச்சுங்களா?”

விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. அடுத்த நாளிலிருந்து அவரும் இரண்டு பெயரில் தன்னோடு தானே சண்டை போட ஆரம்பித்தார்.

அந்தக் காலாண்டில் சாரம் தரைக்கோட்டைத் தாண்டி மேலே ஏறியது. அறிக்கையை வெளியிட்ட அன்று செண்பகவல்லி அலுவலக மொட்டை மாடிக்குப் போய் அண்ணனைக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னாள். “சரி, வச்சிருதேன்” என்று அண்ணன் சொன்ன குரலில் ஈரம் இருந்தது.

இத்தோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏறுகிற எதையும் உலகம் சும்மா விடுவதில்லை.

அடுத்த காலாண்டில் சாரம் நூற்றுக்குப் பத்தைத் தொட்டது. செண்பகவல்லிக்குச் சந்தோஷம் வரவில்லை. தான் சொல்லிவிட்ட ஆட்கள் போட்ட சத்தம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். அது இந்த உயரத்துக்குக் காணாது. மன்றத்தைத் திறந்து படித்தாள். ஆங்கிலத்தில், ஸ்பானிஷில், தெலுங்கில், தமிழில். வரிசை வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றும் அழகாக, இலக்கணம் பிசகாமல். கேட்டவர்களுக்குப் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, முகம் இருந்தது. ஒருவரையும் மயில்சாமிக்குத் தெரியவில்லை.

ஏஜென்ட்டுகளுக்கு ஏறுமுகம் என்றால் போதும். பட்டியலில் மேலே நகர்கிற தளத்தைப் பார்த்ததும் புதிய செயலிகளைச் சாரத்தின் மேல் கட்டத் தொடங்கிவிட்டன. எங்கேயாவது சிக்கினால் மன்றத்தில் கேட்டன. இன்னோர் ஏஜென்ட் பதில் சொன்னது. அந்தக் கேள்வியையும் பதிலையும் அளவை எண்ணியது. எண்ணிக்கை ஏறியது. அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் ஏஜென்ட்டுகள் வந்தன.

“மெஷின் கேக்குறதை நாம எண்ணணுமா சார்?” என்று ரகோத்தமனிடம் கேட்டாள்.

“கேட்டது யாருன்னு எப்படிப் பிரிப்ப?”

“இதுவரைக்கும் எப்படிப் பிரிச்சோம்?”

“வெலோராவுக்கு இத்தனை வருஷமா லட்சம் லட்சமா கேட்டுட்டிருந்தது யாருன்னு நீ நினைச்சே?”

அவள் அதை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

மயில்சாமி போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். அவளே கோயம்புத்தூர் போனாள். பீளமேட்டில் ஒரு மோட்டார் பம்புக் கடையின் மாடியில் அவருடைய அலுவலகம். அலுவலகம் என்றால் இரண்டு மேஜை, மூன்று பேர். அவர் ஷேவ் செய்து பல நாள் ஆகியிருந்தது.

“ஏஜென்ட்டுககிட்ட இருந்து திருத்தம் வருதுங்க,” என்றார். “அதை மாத்து, இதைச் சேருன்னு ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல. நாங்க மூணு பேரு. படிக்கவே முடியலீங்க. படிக்காம எதையும் சேக்க மாட்டேன்னு சொல்லிப்போட்டேன்.”

“அப்புறம்?”

“சாரம் பொதுச் சொத்துங்க அம்மணி. யார் வேணாலும் பிரதி எடுத்துக்கலாம்னு நாங்கதானே எழுதி வச்சோம். அதுக பிரதி எடுத்துக் கொண்டுபோயிருச்சுங்க. அதுக இஷ்டத்துக்குத் திருத்தி, அதையே எல்லாப் பக்கமும் ஓட்டுதுக.”

“ஆஸ்பத்திரிகள்ல ஓடுறது உங்க பிரதிதானே?”

மயில்சாமி தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். மூடினார். “எந்தப் பதிப்பை அதிகம் பேர் வச்சிருக்காங்களோ அதுதான் பத்திரம்னு சர்வர்காரங்க கணக்குங்க. அதுக்குத் தானா மாத்திப்போடுவாங்க. போன வாரமே மாத்திட்டாங்க.”

“யாருகிட்டயும் கேக்காமலா?”

“எதுக்குக் கேக்கோணும்? பேரு சாரந்தானுங்களே.”

பழைய பதிப்பை வேறு பெயரில் வெளியிடலாமே என்றாள். வெளியிட்டாயிற்று என்றார். அதை வைத்திருப்பவர்கள் இந்த மூன்று பேர்தான். தரைக்கோட்டுக்கு எங்கேயோ அடியில் கிடக்கிறது. அதை ஏற்றிக்கொள்ள எந்த சர்வரும் இல்லை.

“டயாலிசிஸ் பகுதியிலே என்னென்ன மாத்தியிருக்குன்னு பாக்க முடியுமா?”

“பாக்கறேனுங்க,” என்றார் மயில்சாமி. “எனக்கு ஒரு மாசம் குடுங்க.”

ஒரு மாசம் கிடைக்கவில்லை.

எட்வின் கூப்பிட்டபோது அவள் மீட்டிங்கில் இருந்தாள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். வெளியே வந்து எடுத்தாள். அழுகிறானா, மூச்சு வாங்குகிறானா என்று முதலில் தெரியவில்லை.

“தங்கமாரியக்கா போயிட்டாங்கக்கா.”

காலையில் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டுதான் வந்தாளாம். எடை பார்த்து அடித்து, நாற்காலியில் உட்கார வைத்து, மெஷினை ஓட்டியிருக்கிறான். இரண்டாவது மணி நேரத்தில் கண் இருட்டுகிறது என்றாள். ரத்த அழுத்தம் கிணற்றில் விழுந்த கல் மாதிரி இறங்கியது. மருந்து போட்டு, காலைத் தூக்கி வைத்து, எல்லாம் செய்தும் நிற்கவில்லை. திருநெல்வேலியிலிருந்து வரும் டாக்டர் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. ஜன்னலோரம், நோயில் இளைத்துப்போயிருந்த வெயிலுமுத்துவும் மயங்கிச் சரிந்திருந்தார். அவர் மெஷினை எட்வின் நிறுத்திவிட்டதால் பிழைத்தார்.

செண்பகவல்லி மறுநாள் கோவில்பட்டியில் இருந்தாள். அண்ணன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மதினி காபி கொண்டுவந்து வைத்தாள்.

மையத்தில் எட்வின் திரையைக் காட்டினான். “நான் அடிச்ச எடை இது. மெஷினுக்குப் போன எடை இது.” இரண்டுக்கும் நடுவில் எட்டுக் கிலோ வித்தியாசம். “வளர்ந்த ஆளுக்கு இவ்வளவு கம்மி எடை அபூர்வமாம். அதனால நான் தப்பா அடிச்சிட்டேன்னு நினைச்சு, ஊர்ல எல்லாருக்கும் இருக்குற எடையாத் திருத்திருக்கு. கூடுதல் எடை அத்தனையும் தண்ணின்னு எடுத்துக்கிட்டு இழுத்துருக்கு.”

“எச்சரிக்கை எதுவும் வரலையா?”

“அதிகம் பேர் எச்சரிக்கையைத் தள்ளிவிட்டுட்டுப் போறாங்கன்னு அதையும் எடுத்துருக்காங்க.” அவன் திரையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். “அக்கா, நாந்தான் கேட்டேன். எடையைத் தப்பா அடிச்சா அதுவே திருத்திக்குமான்னு. எனக்கு அப்படி ஒண்ணு வேணும்னு கேக்கல. சும்மா கேட்டேன். நீங்க கேக்கச் சொன்னீங்க, கேட்டேன்.”

செண்பகவல்லி அவன் தோளில் கை வைத்தாள். அவன் விலகிக்கொள்ளவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

அறக்கட்டளைக்குப் புகார் போனது. சர்வர் கம்பெனிக்குப் போனது. 'மிக அதிகமானோர் பயன்படுத்தும் பதிப்பில் இப்படி நடக்க வாய்ப்பில்லை; பணியாளரின் கவனக்குறைவா என்று விசாரிக்கவும்' என்று அங்கிருந்து பதில் வந்தது. அந்தப் பதிலையும் ஓர் ஏஜென்ட்தான் எழுதியிருந்தது. எட்வினை இரண்டு நாள் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்து அனுப்பினார்கள்.

மையத்தை மூட முடியாது. மூடினால் மற்றவர்களுக்கு அடுத்த வாரமே மூச்சு முட்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் மெஷின் சொல்லும் அளவை நம்பாமல், சரியான எடையைக் கையால் திருத்தி அழுத்துவது என்று எட்வினும் மற்ற ஊர்க்காரர்களும் முடிவு செய்தார்கள். திரையின் மூலையில் அதற்கு ஒரு பொத்தான் இன்னும் இருந்தது. அண்ணனும் மறுபடி அதே நாற்காலிக்குப் போனார். வேறு வழியில்லை.

செண்பகவல்லிக்குத் தோன்றியது ஒன்றுதான். பிரபலம்தான் ஏஜென்ட்டுகளைக் கூட்டிக்கொண்டு வந்தது. பிரபலம் போனால் அவையும் போகும். முழுக்கச் சாக வேண்டாம். தரைக்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, யார் கண்ணிலும் படாத உயரத்தில் சாரம் கிடக்கட்டும். அப்போது மயில்சாமியின் பதிப்பு பழைய இடத்துக்கு வர வழி பிறக்கும்.

ஊர் ஊராகப் பேசினாள். “யாரும் எதுவும் கேக்காதீங்க. பதிலும் சொல்லாதீங்க. தளத்தோட பேரையே எழுதாதீங்க. எது உடைஞ்சாலும் போன்ல பேசிக்குங்க. வெளியில மூச்சு விடாதீங்க.”

“உடைஞ்சதைச் சொல்லாம இருக்கச் சொல்லுதீங்க,” என்றாள் குருவிகுளத்து நர்ஸ். “போன தடவை உடையாததை உடைஞ்சிருச்சுன்னு சொல்லச் சொன்னீங்க.”

“ஆமா,” என்றாள் செண்பகவல்லி.

எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். பால் சொசைட்டியில் கணக்கு புரண்டது; பேசவில்லை. ஓர் ஊரில் குடிதண்ணீர் மோட்டார் விடிய விடிய ஓடித் தெரு நனைந்தது, பேசவில்லை. மையங்களில் ஒவ்வொரு உடம்புக்கும் ஒவ்வொரு தடவையும் பொத்தானை அழுத்தி, அழுத்தியதை இன்னொருவர் சரிபார்த்து, யாருக்கும் எதுவும் ஆகாமல் ஓட்டினார்கள். அந்தக் காலாண்டு முழுக்க செண்பகவல்லி மன்றத்தைத் திறக்கவே இல்லை. திறந்தால் அதுகூட ஒரு சத்தமாகக் கணக்கில் ஏறிவிடுமோ என்று பயம்.

எண்ணிக்கை முடிந்த காலை ரகோத்தமன் அவளுக்கு முன்பே வந்து அவள் மேஜையருகே நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் இதுவரை பார்க்காத ஒரு திகைப்பு.

“பார்த்தியா?”

அவள் திரையை எழுப்பினாள். வெலோரா இரண்டாவது இடத்தில் இருந்தது.

சாரம் முதலிடம். நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல். அளவை எண்ணத் தொடங்கிய காலத்திலிருந்து எந்தத் தளமும் இந்த உயரத்தைத் தொட்டதில்லை.

“நம்ம ஊர் சரக்கு,” என்றார் ரகோத்தமன். பெருமைப்பட வேண்டும் என்று நினைத்தவர், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

அவள் கோவில்பட்டிக்கு, குருவிகுளத்துக்கு, சங்கரன்கோவிலுக்கு, விளாத்திகுளத்துக்கு, பீளமேட்டுக்கு என்று ஒவ்வோர் இடமாகக் கூப்பிட்டாள். யாராவது கேட்டீர்களா? தப்பித் தவறி ஒரு வரி? ஒருவரும் கேட்கவில்லை. “எங்கப்பன் மேல ஆணையாக் கேக்கலீங்க” என்றார் மயில்சாமி.

பிறகு மன்றத்தைத் திறந்தாள்.

அந்தக் காலாண்டில் அதிகம் பேர் கைதட்டிய கேள்வி மேலே இருந்தது. எட்டயபுரம் டயாலிசிஸ் மையத்து டெக்னீஷியன் ஸ்டெல்லா என்று பெயர் போட்டிருந்தது. நீல நிறப் புடவையில் ஒரு பெண்ணின் படம், களைத்த கண்கள். எட்டயபுரத்தில் அப்படி ஒரு மையமே கிடையாது.

'எங்க சென்டர்ல ஒரு அக்கா இறந்துட்டாங்க' என்று தொடங்கியது கேள்வி. 'நான்தான் அவசரத்துல எடையைக் கையால தப்பா மாத்திட்டேன். மெஷின் சரியாத்தான் சொல்லுச்சு. அந்த அக்கா எப்பவும் சிரிச்சுட்டே இருப்பாங்க. எனக்கு ராத்திரி தூக்கமே வரல. இந்த மாதிரி இன்னொருத்தருக்கு நடக்காம இருக்க என்ன செய்யலாம்?'

கீழே ஆயிரக்கணக்கான ஆறுதல்கள். மனசைத் தளர விடாதே, சகோதரி. உன் தப்பு இல்லை. எங்கள் ஊரிலும் இதே நடந்தது. போர்ச்சுகலிலிருந்து ஒருவர், தன் மையத்திலும் ஒரு தாத்தா இப்படித்தான் இறந்தார் என்று எழுதியிருந்தார். ராஜமுந்திரியிலிருந்து ஒரு பெண், படித்துவிட்டு அழுததாக எழுதியிருந்தாள். எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். முடிவுக்குக் கீழே பச்சை நிறத்தில் ஒரு குறி: திருத்தம் ஏற்கப்பட்டது. இன்று காலை முதல் அமலில்.

என்ன திருத்தம் என்று படித்து முடிப்பதற்குள் போன் அடித்தது. எட்வின்.

“அக்கா, எடையைக் கையால மாத்துற பொத்தானைக் காணோம்.”

“எந்தத் திரையில?”

“எல்லாத்துலயும். குருவிகுளத்துலயும் இல்லையாம். மெஷின் சொல்ற அளவை மாத்தவே முடியல. நம்ம போன தடவை அண்ணனுக்கு வச்சது ரெண்டு லிட்டர். இது நாலு காட்டுது.”

“அண்ணன் எங்க?”

“சேர்ல உக்காந்தாச்சு. ஊசியும் குத்திட்டேன். இன்னும் ஓட்டல.”

“ஓட்டாத. ஊசியை எடுத்துரு எட்வின்.”

“எடுத்துருதேன்.” போனில் மெஷின்களின் சின்னச் சின்ன ஒலி கேட்டது. “இன்னைக்கு எடுத்துரலாம்க்கா. நேத்தே அவருக்கு மூச்சு வாங்குச்சு. நாளன்னைக்கு என்ன செய்ய?”

அவள் திரையைப் பார்த்தாள். அங்கே ஸ்டெல்லா எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

போனுக்குள் கொஞ்சம் தள்ளி, ஜன்னலோரத்திலிருந்து அண்ணனின் குரல் வந்தது. அவசரமில்லாத குரல்.

“என்னடே எட்வின், மெஷினைப் போடலையா?”